திரையில் பளிச், தாளில் இருட்டு: வீட்டில் படம் பிரின்ட் எடுப்பவர்களுக்கு ஓர் அறிமுகம்

வீட்டில் முதன்முதலாகப் போட்டோ பிரின்ட் எடுப்பவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். லெப்டொப்பில் அவ்வளவு பளிச்சென்று இருந்த படம் தாளில் ஏன் இருண்டுபோய் வருகிறது? பிரின்டர் சரியில்லையோ, மை போலியோ, கடைக்காரர் மட்டமான தாளைத் தலையில் கட்டிவிட்டாரோ என்று சந்தேகம் ஓடும். பெரும்பாலும் அவை எதுவுமே காரணமில்லை. திரை தானே ஒளி விடுகிறது. தாளுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது; தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஒரு பங்கைத்தான் அதனால் திருப்பித் தர முடியும். வீட்டில் பிரின்ட் எடுக்கும் வேலையில் பெரும்பகுதி இந்த ஒரு வித்தியாசத்தைச் சமாளிப்பதுதான்.

சாதாரண லெப்டொப் திரையில் மிக வெளிச்சமான வெள்ளை, மிக இருண்ட கறுப்பைவிட ஏறத்தாழ 1000 மடங்கு பிரகாசமாக இருக்கும். நல்ல பளபளப்புத் தாளில் அது 150, 200 மடங்குதான். பளபளப்பில்லாத மேட் தாளில் 40, 50 மடங்கு வந்தாலே பெரிது. ஓலெட் திரை உள்ள போனில் கறுப்பு என்றால் அந்த இடத்தில் ஒளியே இல்லை என்று அர்த்தம். அதனால்தான் போனில் பார்த்துப் பார்த்துத் திருத்திய படங்கள் தாளில் எல்லாவற்றையும்விட அதிகமாக ஏமாற்றுகின்றன.

இலங்கையின் மலையகத்துப் படங்களில் இந்தச் சிக்கல் இரண்டு முனைகளிலும் வந்து நிற்கும். தலவாக்கலையிலோ அம்பேவலையிலோ காலையில் எடுத்த படத்தில் பாதி மூடுபனி, ஏறக்குறைய வெள்ளை. அதற்கு முன்னால், மழைக்கும் குளிருக்கும் தலையோடு போர்த்தும் கொங்காணி போட்டு ஒருவர் நிற்பார். முகம் முழுக்க நிழல். வெள்ளையை ஒட்டிய நுணுக்கத்தையும் கறுப்பை ஒட்டிய நுணுக்கத்தையும்தான் தாள் முதலில் தொலைக்கும். இந்தப் படத்திலோ பார்க்க வேண்டியது எல்லாம் அந்த இரண்டு இடங்களில்தான் இருக்கிறது.

முதலில் திரையை அடக்குங்கள்

கடையிலிருந்து வரும் திரைகள் விளம்பரத்துக்காகக் கூடிய வெளிச்சத்தில் வைக்கப்பட்டிருக்கும்; 250, 300 நிட் (திரை வெளிச்சத்தின் அளவு) சாதாரணம். பிரின்டுக்காகப் படம் திருத்தும்போது 80 முதல் 120 நிட் போதும். அளக்கும் கருவி இல்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பகலில், நேர்வெயில் படாத ஜன்னலுக்குப் பக்கத்தில் லெப்டொப்பை வையுங்கள். திரை முழுவதும் வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, நீங்கள் பிரின்ட் எடுக்கப்போகும் போட்டோ தாளைத் திரையின் ஓரத்தில் பிடியுங்கள். இரண்டு வெள்ளையும் ஒரே வெளிச்சமாகத் தோன்றும்வரை திரையின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். அந்த அளவைக் குறித்து வைத்துக்கொண்டு, படம் திருத்தும்போதெல்லாம் அதிலேயே வையுங்கள். முதல் பத்து நிமிடம் திரை மங்கலாகத் தெரியும், கண் பழகிவிடும்.

திரையை மஞ்சளாக்கும் இரவு ஒளி வசதியையும், அறையின் வெளிச்சத்துக்கு ஏற்பத் தானாக மாறும் வசதியையும் அணைத்துவிடுங்கள். தலையை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். படம் வெளுத்தும் கறுத்தும் மாறினால் அது விலை குறைந்த வகைத் திரை. அதில் எப்போதும் ஒரே கோணத்தில் உட்கார்ந்தே வேலை செய்ய வேண்டும். நிறத்தை அளக்கும் ஸ்பைடர் போன்ற கருவி வாங்க முடிந்தால் நல்லது. ஆனால் இருண்ட பிரின்ட் என்ற குறையில் பெரும்பங்கு இந்த வெளிச்சக் குறைப்பிலேயே தீர்ந்துவிடும்.

பனி, முகம், பச்சை, சிவப்பு

கமராவில் ரோ கோப்பாக, அதாவது கமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைத்திருக்கும் கோப்பாக, எடுக்க முடியுமானால் அப்படியே எடுங்கள். ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். 12 பிட் ரோவில் 4096, 14 பிட்டில் 16384. நிழலில் உள்ள முகத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவரும்போது ஜேபெக்கில் திட்டுத் திட்டாக உடைவதும் ரோவில் உடையாமல் வருவதும் இதனால்தான். பல போன்களில் ‘ப்ரோ’ முறையில் டிஎன்ஜி என்ற பெயரில் இதே வசதி இருக்கிறது. ரோ கோப்புகளைத் திருத்த டார்க்டேபிள், ரோதெரபி, அதற்குப் பிறகான வேலைக்கு ஜிம்ப், மூன்றும் இலவசம்.

மூடுபனியைக் கமரா எப்போதும் சாம்பலாக்கிவிடும். பார்க்கும் காட்சி எதுவானாலும் சராசரி நடுச்சாம்பல் என்று கணக்குப் போடுவது அதன் இயல்பு. எடுக்கும்போதே வெளிச்சத்தை +0.7 முதல் +1.3 ஸ்டொப் வரை (ஒரு ஸ்டொப் கூட்டுவது என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) கூட்டிவிட்டால் பனி பனியாக வரும். விட்டுவிட்டால் மென்பொருளில் உயர்த்தலாம். 0 முதல் 255 வரையான அளவுகோலில் பனியின் நடுப்பகுதி 200–220, மிக வெளிச்சமான இடம் 240 அளவில் நிற்கட்டும். 255க்குப் போக விடாதீர்கள். 255 என்றால் பிரின்டர் அந்த இடத்தில் மை போடாது. வெறும் தாள்தான் தெரியும். வெள்ளை ஓரம் விட்டு பிரின்ட் எடுத்தால் பனி எங்கே முடிகிறது, தாளின் ஓரம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாமல் படத்தின் விளிம்பு கரைந்துபோகும்.

பனியை நீக்கிக் காட்டும் ‘டிஹேஸ்’ என்ற பொத்தானில் கை வைக்காமல் இருப்பதே நல்லது. அது மரங்களைச் சுற்றிக் கறுப்பு விளிம்பு போடும். தூரத்து மலைகளை அட்டையில் வெட்டி ஒட்டியதுபோல் முன்னால் இழுத்துவிடும். ஒன்றன்பின் ஒன்றாக மங்கிக்கொண்டே போகும் அந்த அடுக்குகள்தான் படத்தின் ஆழம். அதை அழித்துவிட்டு மலையைக் காட்டி என்ன பயன்?

பனிமூட்டத்தில் எடுத்த படம் கொஞ்சம் நீலம் கலந்து வரும். வெள்ளைச் சமநிலையை 5800 முதல் 6500 கெல்வின் வரை நகர்த்திப் பாருங்கள். நீலத்தை முழுவதும் துடைத்தெடுக்க வேண்டாம், காலைக் குளிர் அதில்தான் இருக்கிறது. வெள்ளை எது என்று மென்பொருளுக்குத் தொட்டுக் காட்டும் வசதியைப் பயன்படுத்தும்போது ஒன்றைக் கவனியுங்கள். வெள்ளைப் பள்ளிச் சீருடையைத் தொட்டுக் காட்டத் தோன்றும். ஆனால் அது நீலம் போட்டு அலசிய துணி. சலவைத் தூளில் உள்ள வெண்மையூட்டியும் நீல ஒளியைத்தான் கூட்டும். அதை வெள்ளை என்று காட்டினால் மென்பொருள் அந்த நீலத்தைக் கழிக்கும். படம் முழுவதும் மஞ்சளடித்துவிடும். பூசிக் காய்ந்த சீமெந்துச் சுவரைத் தொட்டுக் காட்டினால் பிழை குறையும்.

அடுத்தது முகம். நிழலில் உள்ள முகத்தின் மேல் சுட்டியை வைத்துச் சிவப்பு எண்ணைப் பாருங்கள். 80, 90 என்று இருந்தால் தாளில் கண்ணும் மூக்கும் ஒன்றாகிவிடும். மென்பொருளின் ‘மாஸ்க்’ வசதியால் முகப்பகுதியை மட்டும் தேர்ந்து, விளிம்பை நன்றாக மென்மையாக்கி, சிவப்பு 140–165 வரும்வரை உயர்த்துங்கள். ஒன்றரை ஸ்டொப் அளவு உயர்த்தினாலே பெரும்பாலும் போதும். முகத்தின் நிறத்தில் சிவப்பு அதிகம், பச்சை அதற்குக் கீழ், நீலம் அதற்கும் கீழ் என்ற வரிசை குலையக் கூடாது. 165க்கு மேல் போகாதீர்கள். போன்களின் பியூட்டி மோட் நம்மவர்களின் முகத்தை வெளுப்பாக்கிக் கொடுக்கிறது. எடுக்கும்போதே அதை அணைத்துவிட வேண்டும். வெயிலிலும் மழையிலும் மலையில் நின்ற முகம் அதன் நிறத்திலேயே தாளில் வர வேண்டும். முகத்தை உயர்த்துவது அது தெரிவதற்காக, மாற்றுவதற்காக அல்ல.

தேயிலைக் கொழுந்தின் இளம்பச்சை திரையில் மின்னும். நான்கு மை பிரின்டர் பச்சையை நீலப்பச்சை மையும் மஞ்சள் மையும் கலந்து உருவாக்குகிறது; திரை காட்டும் சில பச்சைகள் அதன் எல்லைக்கு வெளியே இருக்கின்றன. எட்டாத நிறத்தைப் பிரின்டர் எட்டிய இடத்தில் நிறுத்திவிடும்; பல இலைகள் ஒரே பச்சையாகி நரம்பு, மடிப்பு எல்லாம் போய்விடும். மஞ்சளிலும் பச்சையிலும் செறிவை 10, 15 அளவு நீங்களே குறைத்துவிட்டால் இலைகள் திரும்பிப் பிரிந்து தெரியும். தேர்த் திருவிழாவின் சிவப்புப் பட்டுக்கும் இதே கதை. அங்கே சிவப்பு எண் 255இல் முட்டி நிற்பதால் சேலை மடிப்புகள் காணாமல் போகும். எடுக்கும்போதே வெளிச்சத்தை மூன்றில் ஒரு ஸ்டொப் குறைப்பதுதான் அதற்குச் சரியான மருந்து.

கடைசியாகக் கூர்மை. படத்தை பிரின்ட் அளவுக்குக் கொண்டுவந்த பிறகே கூர்மையாக்க வேண்டும். ‘அன்ஷார்ப் மாஸ்க்’ கருவியில் ஆரம் 1 பிக்சல், அளவு 80–100 வீதம் என்று தொடங்குங்கள். திரையில் சற்று அதிகம் என்று தோன்றுவது தாளில் சரியாக இருக்கும். மை கொஞ்சம் பரவும் அல்லவா? பனி உள்ள பகுதியை மட்டும் இதிலிருந்து விலக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் மணல் தூவியதுபோல் வரும்.

உங்கள் தாளையே கேளுங்கள்

ஒவ்வொரு பிரின்டரும் தாளும் சேர்ந்த சோடிக்கும் ஒரு குணம் உண்டு. அதை ஒரே தாளில் கண்டுபிடிக்கலாம். ஜிம்ப்பில் 1800க்கு 1200 பிக்சல் அளவில் புதிய படம் ஒன்றைத் திறந்து, சாம்பல் நிறத்தில் நிரப்புங்கள். மேல் வரிசையில் ஏழு பெட்டிகள்: மூன்று நிறங்களும் 0, அடுத்ததில் 5, பிறகு 10, 15, 20, 25, 30. கீழ் வரிசையில் 225 தொடங்கி 255 வரை ஐந்தைந்தாக ஏழு பெட்டிகள். பெட்டிகளுக்கு நடுவே இடைவெளி விடாமல் ஒட்டி ஒட்டி வையுங்கள். எந்தத் தாளில், எந்த அமைப்பில் படத்தை எடுக்கப்போகிறீர்களோ அதே தாளில், அதே அமைப்பில் 4×6 அங்குலத்துக்கு எடுங்கள். அரை மணி நேரம் காயவிட்டு, படம் மாட்டப்போகும் இடத்து வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்.

மேல் வரிசையில் 0, 5, 10, 15 நான்கும் ஒரே கறுப்பாகத் தெரிந்து 20இலிருந்துதான் வேறுபாடு தொடங்குகிறது என்றால், அந்தத் தாளில் 15க்குக் கீழே உள்ள எதுவும் வரப்போவதில்லை என்று பொருள். இனி அந்தத் தாளுக்கான படங்களில், வெளிச்ச அளவுகளை மாற்றும் ‘லெவல்ஸ்’ கருவியைத் திறந்து, வெளியீட்டு அளவின் கீழ் எல்லையை 0இலிருந்து 12க்கோ 15க்கோ உயர்த்திவிடுங்கள். கீழ் வரிசையில் 250ம் 255ம் பிரியவில்லை என்றால் மேல் எல்லை 247, 248. இந்த இரண்டு எண்களையும் தாள் உறையின் மேல் பேனாவால் எழுதி வையுங்கள். மேட் தாளில் கீழ் எல்லை இன்னும் உயரும்.

நடு வெளிச்சத்துக்கு இன்னொரு சோதனை. படத்தில் முகமும் பனியும் சேர்ந்த ஒரு பகுதியை, இறுதி அளவிலேயே, 600க்கு 900 பிக்சலாக வெட்டுங்கள். அதை நான்கு பிரதி எடுத்து ஒரு 4×6 தாளில் அடுக்கினால் சரியாக நிரம்பும். ‘லெவல்ஸ்’ நடு எண்ணை முதலாவதில் 1.0, பிறகு 1.1, 1.2, 1.3 என்று வைத்து எடுங்கள். திரையை அடக்கியிருந்தால் பெரும்பாலும் 1.1 அல்லது 1.2 தேறும். எப்போதும் 1.3ம் போதாமல் இருந்தால் திரை இன்னும் கூடிய வெளிச்சத்தில்தான் இருக்கிறது. ஏ4 தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து வீசுவதைவிட, இந்தச் சிறு தாள் ஒன்று எவ்வளவோ மிச்சம்.

வெள்ளைக் குழல்விளக்கின் கீழ் சரியாக இருக்கும் பிரின்ட் மஞ்சள் பல்பின் கீழ் இருண்டும் சிவந்தும் தெரியும். வீட்டு முன் இஸ்தோப்பில், நேர்வெயில் படாத பகல் வெளிச்சத்தில் முதலில் பார்த்துவிட்டு, பிறகு மாட்டப்போகும் சுவரில் வைத்துப் பாருங்கள். சுவரில் பார்ப்பதே முடிவு.

பிக்சலும் அங்குலமும்

டிஜிட்டல் படத்துக்குப் பிக்சல் உண்டு, அங்குலம் கிடையாது. தாளில் இறங்கும்போதுதான் அங்குலம் பிறக்கிறது. கையில் வைத்துப் பார்க்கும் படத்துக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது நல்ல கணக்கு. 4×6க்கு 1200×1800, ஏ4க்கு 2480×3508. 24 மெகாபிக்சல் கமராவின் 6000×4000 படம் 20 அங்குல அகலம் வரை இந்தக் கணக்கில் போகும். சுவரில் மாட்டிச் சற்றுத் தள்ளி நின்று பார்ப்பதற்கு 200 போதும்.

பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்தில் அடக்கமாகியிருக்கும் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கெமரன் (1815–1879) காலத்தில் இந்தக் கணக்கே தேவைப்படவில்லை. அவர் கண்ணாடித் தட்டில் எடுத்தார். அந்தத் தட்டையே தாளின் மேல் வைத்து வெயிலில் காட்டினார். தட்டு எவ்வளவு பெரிதோ படமும் அவ்வளவு பெரிது.

நம்மிடம் படம் சிறுத்துப்போகும் இடம் வட்ஸ்அப். கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருந்து உறவினர் அனுப்பும் படம் சாதாரணமாக வந்தால் நீளப் பக்கம் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கியிருக்கும். ஐந்து அங்குலத்துக்கு மேல் போனால் முகம் மெழுகாகிவிடும். படத்தை ‘டொகியுமென்ட்’ ஆக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள். சுருங்காமல் அப்படியே வரும்.

நீள அகல விகிதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கமராப் படம் 3:2. 4×6 தாளுக்கு அப்படியே பொருந்தும். போன் படம் 4:3. அதை 4×6இல் நிரப்பினால் உயரத்தில் 11 வீதம் வெட்டுப்படும்; கல்யாணக் குழுப் படத்தில் பின்வரிசையின் தலையோ முன்வரிசையின் காலோ போகும். கமராப் படத்தை ஏ4இல் நிரப்பினால் நீளத்தில் 6 வீதம் அளவு போகும். எங்கே வெட்டுவது என்பதைப் பிரின்டரிடம் விடாமல் மென்பொருளில் நீங்களே வெட்டுங்கள். ஓரமில்லா பிரின்ட் என்றால் பிரின்டர் படத்தை இன்னும் சில மில்லிமீற்றர் பெருப்பித்து வெளியே வழியவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டியின் மேல் எழுதியிருக்கும் 5760×1440 டிபிஐ வேறு விடயம். அது மைத்துளி எவ்வளவு நுணுக்கமாக வைக்கப்படுகிறது என்ற கணக்கு. உங்கள் படத்துக்குத் தேவையான பிக்சல் அல்ல.

பிரின்டர், மை, தாள்

மை டாங்க் வைத்த பிரின்டர்களில் பொதுவானது நான்கு மை: நீலப்பச்சை, மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. போட்டோவுக்கென்று வரும் ஆறு மை பிரின்டர்களில் பலவற்றில் மென்நீலப்பச்சை, மென்மெஜந்தா என்று இரண்டு கூடுதல். நமக்கு இது முக்கியம். இளஞ்சாம்பல் பனியை நான்கு மை பிரின்டர் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கறுத்த புள்ளிகளைத் தூவித்தான் காட்ட முடியும். கிட்டே பார்த்தால் புள்ளி தெரியும். மென்நிற மைகள் இருந்தால் பனி வழுவழுப்பாக வரும். நான்கு மையே கையில் இருந்தால் தரத்தை உச்சத்தில் வைத்து, போகும்போதும் திரும்பும்போதும் மை போடும் இருதிசை வேக பிரின்ட் அமைப்பை அணைத்துவிடுங்கள். நேரம் இரட்டிப்பாகும், புள்ளியும் கோடும் குறையும்.

சில நான்கு மை பிரின்டர்களில் கறுப்பு மட்டும் பிக்மென்ட் (நுண்துகள் மை), நிறங்கள் டை (கரைந்த சாய மை). பிக்மென்ட் கறுப்பு பளபளப்புத் தாளில் ஒட்டாது என்பதால், போட்டோ தாள் என்று அமைத்ததும் பிரின்டர் கறுப்பை விட்டுவிட்டு மூன்று நிறங்களைக் கலந்தே கறுப்பை உண்டாக்கும். கறுப்பு மரக்கிளை கபிலமாகவோ பச்சையடித்தோ வருவதற்கு இதுவே காரணம். வாங்குவதற்கு முன் நான்கும் டையா என்று கேளுங்கள். கறுப்பு வெள்ளைப் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் கட்டாயம் கேளுங்கள்.

‘கிளொசி’ என்று ஒரே பெயரில் இரண்டு வகைத் தாள் விற்கிறார்கள். பின்பக்கம் சாதாரணக் காகிதம்போல் இருந்தால் அது பூச்சு மட்டும் பூசிய தாள். 180, 230 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு இத்தனை கிராம் எடை) என்று மலிவாகக் கிடைக்கும், சோதனைக்குச் சரி. பின்பக்கமும் பிளாஸ்டிக்போல் வழுக்கினால் அது ஆர்சி தாள். ஈரத்தில் அவ்வளவாக நெளியாது, ஆல்பத்துக்கும் சட்டத்துக்கும் அதையே வாங்குங்கள். எந்தப் பக்கம் பிரின்ட் பக்கம் என்று தெரியாவிட்டால் தாளின் மூலையை ஈரவிரலால் தொடுங்கள். ஒட்டுவது பூச்சுப் பக்கம். பனிப் படங்களுக்கு மேட் தாள் அழகு, எதிர்வெளிச்சம் அடிக்காது. இரவுப் படங்கள், கோயில் விளக்கு, கறுப்பு அதிகமுள்ளவை பளபளப்பில்தான் எடுபடும்.

நூறு கல்யாணப் படத்தை 4×6இல் எடுக்க வேண்டுமென்றால் டவுன் ஸ்டூடியோவில் கொடுங்கள். மலிவு, நேரமும் மிச்சம். வீட்டு பிரின்டர், தேர்ந்தெடுத்த சில படங்களை நீங்கள் நினைத்தபடி கொண்டுவருவதற்கு.

நிறத்தை ஒருவரே பார்க்கட்டும்

படத்தின் நிறத்தைத் தாளின் நிறமாக மொழிமாற்றுகிற வேலையை மென்பொருளும் செய்யும், கணினியிலிருந்து பிரின்டரை இயக்கும் டிரைவரும் செய்யும். இரண்டும் செய்தால் படம் மெஜந்தா பூசியதுபோல் வரும். தொடக்கத்தில் பாதுகாப்பான வழி: படத்தை எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிறவெளியில் சேமியுங்கள், மென்பொருளில் ‘பிரின்டரே நிறத்தைக் கவனிக்கட்டும்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள், டிரைவரில் தாள் வகையைச் சரியாகக் குறியுங்கள். அந்தத் தாள் வகைதான் எவ்வளவு மை கொட்டுவது என்பதைத் தீர்மானிக்கிறது. போட்டோ தாளைப் போட்டுவிட்டுச் சாதாரணத் தாள் என்று விட்டால் படம் சோர்ந்து வெளிறி வரும். தலைகீழாகச் செய்தால் தாள் ஊறிப்போகும்.

இந்த நிற மொழிமாற்றத்துக்கான கோப்பு ஐசிசி புரொபைல்; பிரின்டர், மை, தாள் மூன்றுக்கும் சேர்த்தே அது செய்யப்படும். மூன்றில் ஒன்று மாறினாலும் அது செல்லாது. மலிவு மை நிரப்பியவர்களுக்கு நிறுவனத்தின் புரொபைல் உதவாமல் போவது இதனால்தான். மையும் தாளும் பிரின்டர் நிறுவனத்தினுடையவை என்றால் மட்டும் டிரைவரின் நிறத் திருத்தத்தை அணைத்து, மென்பொருளில் புரொபைலைத் தேர்ந்து எடுக்கலாம்.

ஈரம், குளிர், மின்வெட்டு

பிரின்டர் கையேட்டைத் திறந்தால் 10 முதல் 35 பாகை செல்சியஸ், 20 முதல் 80 வீத ஈரப்பதம் என்று இருக்கும். 1868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் தை, மாசி விடியல்களில் புல்லில் உறைபனி படியும்; அந்த நேரத்தில் வீட்டுக்குள்ளேயும் 10க்குக் கீழே போவது புதினமில்லை. குளிரில் மை தடித்து, துளி சரியாக விழாது. பத்து மணிக்குப் பிறகு தொடங்குங்கள். மே தொடங்கிப் புரட்டாசி வரை ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கம் மழை விடாது. அந்த மாதங்களில் பண்டாரவளை, பதுளைப் பக்கம் வரட்சி. அவர்களுக்கு ஐப்பசி முதல் தை வரைதான் இந்தத் தொல்லை.

தாள் பொதியை உடைத்ததும் மீதியை ஸிப் வைத்த பையில், சிலிக்கா ஜெல் பைகளோடு போட்டு, மட்டமாகப் படுக்க வையுங்கள், அடுப்படியிலிருந்து தள்ளி. பிரின்டரின் தட்டில் இரவு முழுதும் தாளை விட்டுவிட்டால் காலையில் ஓரம் எழும்பி நிற்கும். எழும்பிய ஓரத்தில், மை தெளிக்கும் ஹெட் உரசிக் கறுப்புக் கீற்றுப் போடும். எதிர்ப்பக்கமாக மெல்ல வளைத்து நேராக்கிவிட்டே போடுங்கள். டிரைவரில் தடித்த தாள் அமைப்பும் இருக்கும்.

குறுக்கே சீரான இடைவெளியில் கோடு விழுந்தால் முதலில், மைத் துவாரங்கள் திறந்திருக்கின்றனவா என்று காட்டும் நொசில் சோதனை எடுங்கள். சோதனையில் கோடுகள் அறுந்திருந்தால் அடைப்பு. ஹெட்டைச் சுத்தம் செய்யும் கட்டளையை இரண்டு தடவைக்கு மேல் தொடர்ந்து கொடுக்காதீர்கள், ஆறேழு மணி நேரம் விட்டு மறுபடி பாருங்கள். ஒவ்வொரு சுத்தமும் மையைக் குடித்துக் கழிவு மைப் பஞ்சை நிரப்பும். சோதனை சரியாக இருந்தும் படத்தில் கோடு வந்தால் அது ஹெட் சீரமைப்புக் குறை அல்லது தாள் வகை பிழை. வாரம் ஒரு தடவை எல்லா நிறமும் உள்ள சிறு படம் ஒன்றை எடுத்துவந்தால் அடைப்பே அரிதாகிவிடும்.

பிரின்டரை எப்போதும் அதன் பொத்தானிலேயே அணைக்க வேண்டும். அப்போதுதான் ஹெட் தன் இடத்துக்குப் போய் மூடிக்கொள்ளும். சுவர் சுவிட்சை நிறுத்தினாலோ, நடுவில் கரண்ட் போனாலோ ஹெட் திறந்தபடி காயும். கரண்ட் வந்ததும் ஒருமுறை போட்டு, தானாக நிற்கும்வரை பொறுத்து, பொத்தானில் அணையுங்கள். இங்க்ஜெட்டுக்கு மின்சாரம் மிகக் குறைவாகவே செலவாகும். கணினிக்கு வைத்திருக்கும் சிறிய யுபிஎஸ் ஒரு ஏ4 படத்தை முடிக்கத் தாங்கும். கண்டியிலோ கொழும்பிலோ பிரின்டர் வாங்கி பஸ்ஸில் கொண்டுவருகிறவர்கள் கடையில் மை நிரப்ப விடாதீர்கள். வளைவு வளைவாக ஏறும் பாதையில் டாங்க் சரிந்தால் மை உள்ளே வழியும், குழாயில் காற்றும் புகும்.

காயவிட்டுச் சட்டம் போடுவது

தொட்டால் ஒட்டாமல் இருப்பது காய்ந்ததற்கு அடையாளமில்லை. மைக்குள் இருக்கும் கரைப்பான் நாள்கணக்கில் மெதுவாக வெளியேறும். பிரின்டைக் கால் மணி நேரம் திறந்து வைத்து, பிறகு மேலே ஒரு வெள்ளைத் தாளைப் போட்டு 24 மணி நேரம் விடுங்கள். அந்தத் தாள் நெளிந்திருந்தால் புதிதாக மாற்றி இன்னொரு நாள். மழை மாதங்களில் இரண்டு மூன்று நாள் ஆகும். அவசரப்பட்டுக் கண்ணாடிச் சட்டத்தில் அடைத்தால் சில கிழமைகளில் கண்ணாடியின் உட்புறம் புகைபோல் மங்கல் படியும். படமும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் பிறகு பூச்சோடுதான் உரிந்துவரும். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே தடித்த அட்டை ஓரம் வையுங்கள். இரண்டு மில்லிமீற்றர் இடைவெளி போதும்.

டை மையில் எடுத்த படத்தைத் திறந்தபடி சுவரில் ஒட்டாதீர்கள். வெயில் மட்டுமல்ல, காற்றில் உள்ள ஓசோனும் அதை வெளுக்கச் செய்யும். பூச்சு மட்டும் பூசிய மலிவுத் தாளில் அது இன்னும் வேகம். மலையை ஒட்டிய ஈரச்சுவரில் மாட்டுவதானால் சட்டத்தின் பின்பக்கம் நான்கு மூலையிலும் தக்கை ஒட்டி, சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்றோட விடுங்கள். மூலக் கோப்பை இரண்டு வேறு இடங்களில் சேமித்து, பிரின்டின் பின்பக்கம் மென்மையான பென்சிலால் தாள் வகை, லெவல்ஸ் எண்கள், திகதி மூன்றையும் எழுதிவிடுங்கள். பேனா மை சில தாள்களில் முன்பக்கம்வரை ஊறும்.